ஒரு சுவருக்கு இரண்டு மாலை

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆண்களுக்கு மலாக்காவில் எங்கள் குருபோங் தாமான் குடியிருப்பில் மூன்று வழிகள்தான் உண்டு. கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடலாம், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கலாம், வீட்டு முன்னால் கறிவேப்பிலை வளர்க்கலாம். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. பேரப்பிள்ளை இன்னும் வரவில்லை. கறிவேப்பிலையோ என் கை பட்டாலே காய்ந்துவிடும். அதனால் ஒரு கேமரா வாங்கினேன்.

முப்பது வருஷம் சுங்கை ஊடாங் பக்கம் எண்ணெய் ஆலையில் ஷிப்ட் வேலை பார்த்தவன் நான். கண்ணில் பட்டதெல்லாம் குழாயும் மீட்டரும். அதனாலோ என்னவோ, எந்த ஊரிலாவது சுவரில் ஒரு படம் தெரிந்தால் காரை ஓரங்கட்டிவிடுவேன். சிமெண்டுச் சிலை என்றாலும் அதே கதிதான். ஜாசினில் ஒரு கடைக்குப் பின்னால் தூங்கும் பூனை, அலோர் காஜாவில் யானை, வேறோர் ஊரின் வட்டச் சாலை நடுவே ஆளுயர டுரியான் பழச் சிலை. அந்த டுரியானை எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்று பார்க்க ஏழு முறை வட்டமடித்தேன்.

“இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்க. ஒம்பதாயிரும், நவகிரகம் சுத்துன புண்ணியமாவது கிடைக்கும்” என்றாள் பக்கத்து சீட்டிலிருந்து என் மனைவி.

அவளுக்கு இந்தக் கலைகளில் பெரிய மரியாதை கிடையாது. போகிற ஊரில் பாசார் இருக்கும், மீன் மலிவாகக் கிடைக்கும் என்றுதான் கூட வருவாள். மழை வந்தால் குடையைக் கேமராவுக்குப் பிடிப்பாள், எனக்கு இல்லை. கேமராவின் விலை அவளுக்குத் தெரியும். படத்தில் இருப்பவர்களைப் பற்றியும் வாய் சும்மா இருக்காது. “இந்தப் பொண்ணுக்குக் கழுத்து எங்கங்க?” என்பாள். “ஆர்ட்லா” என்று நான் பெரிய மனுஷன் மாதிரி சொல்வேன். “கழுத்து போடப் பெயிண்டு பத்தலன்னு சொல்லுங்க” என்று முடித்துவிடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் கரண்டியோடு டிவி முன்னால் நின்றுவிட்டாள். அன்று காலை மலாக்கா பழைய டவுனில், ஆற்றிலிருந்து ஒரு சந்து தள்ளி நான் எடுத்த படங்களைப் பெரிய திரையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் அன்று கூட வரவில்லை.

“நிறுத்துங்க. பின்னாடி போங்க. இன்னும் ஒண்ணு பின்னாடி.”

போனேன். ஒரு கடைவீட்டின் பக்கவாட்டுச் சுவர். கச்சாங் பூத்தே விற்கும் தமிழர் ஒருவரை முழு உயரத்துக்கு வரைந்திருந்தார்கள். சைக்கிள், பின்னால் பலகைப் பெட்டி, அதில் கடலையும் பட்டாணியும் ஓமப்பொடியும் நிரப்பிய போத்தல்கள். வெள்ளைச் சட்டை, கைலி, தோளில் துண்டு. கையில் பழைய தாளைச் சுருட்டிய கூம்புப் பொட்டலம்.

“எங்கப்பா” என்றாள்.

என் மாமனார் கச்சாங் பூத்தே விற்றவர்தான். ஆனால் அந்தக் காலத்தில் இந்த ஊரில் கச்சாங் பூத்தே விற்ற அத்தனை பேரும் அந்த உடைதான் உடுத்தினார்கள், அந்த சைக்கிளைத்தான் தள்ளினார்கள். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். கரண்டியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

விஷயம் விளையாட்டல்ல என்பதும் எனக்குத் தெரியும். மாமனாருக்கு நல்ல படம் ஒன்றுகூடக் கிடையாது. வீட்டில் மாட்டியிருப்பது அடையாள அட்டைப் படத்தைக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கியது. மழை நாளில் கார்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மாதிரி இருப்பார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவருடைய தோள் மட்டும் ஒரு பக்கத்தில் இருக்கிறது. மனுஷன் அன்று முழுக்கப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றிருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் அவருடைய திதியன்று அந்த மங்கிய முகத்துக்குப் பொட்டு வைக்கும்போது என் மனைவி கண்ணாடியை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள். அப்பாவை முழுசாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வேறு எதற்கும் அவள் என்னிடம் இவ்வளவு ஏங்கிக் கேட்டதில்லை.

அன்று ராத்திரிக்குள் படம் அவளுடைய அண்ணன், தம்பி, அக்கா என்று கூடப் பிறந்த ஐந்து பேருக்கும் வாட்ஸாப்பில் போய்விட்டது. மூக்கு அப்பாவுடையதுதான் என்றார் அண்ணன். அப்பா நீலக் கைலியே கட்டியதில்லை என்றார் அக்கா. பெயிண்டர் கையில் நீலம்தான் இருந்திருக்கும் என்று தம்பி தீர்ப்புச் சொன்னான். பெரும்பான்மை வாக்கில் சுவர்க்காரர் என் மாமனார் ஆனார். என்னை யாரும் கேட்கவில்லை. எடுத்தவனுக்கு வாக்குரிமை இல்லை போலும்.

அடுத்த மாதம் திதி வந்தது. வீட்டுப் படையல் முடிந்ததும் மனைவி ஒரு மாலை, ஒரு போத்தல் பால் கலக்காத கோப்பி ஓ, ஒரு தட்டு வறுத்த கடலை எல்லாவற்றையும் காரில் ஏற்றினாள். சுவருக்குப் படைக்கப் போகிறாளாம். நகராண்மைக்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். “அவுங்களுக்கும் ரெண்டு கடலை குடுப்போம்” என்றாள். ஆணி மட்டும் அடிக்கக் கூடாது, சுவர் கெட்டுவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லி, ஒட்டும் கொக்கி ஒன்று வாங்கிக்கொண்டேன். கலையை மதிப்பவன் அல்லவா.

சந்துக்குள் நுழைந்தால், சுவரில் ஏற்கெனவே ஒரு மாலை தொங்கிக்கொண்டிருந்தது. புது மாலை. கீழே ஊதுபத்தி புகைந்தது. பஸ் டிரைவர் சீருடையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

“யாருங்க நீங்க?” என்றாள் மனைவி.

“இவரு எங்கப்பாங்க்கா” என்றார் அவர், மரியாதையாக. “கச்சாங் பூத்தே வித்தாரு. நேத்து பஸ் ஓட்டிக்கிட்டுப் போறப்பதான் பாத்தேன். பாத்ததும் கண்ணுல தண்ணி வந்துருச்சு.”

“உங்கப்பாவா? நல்லா பாருங்க தம்பி. அந்தக் காதப் பாருங்க. எங்கப்பாவுக்குத்தான் காது அப்படி விடைச்சிருக்கும்.”

“எங்கப்பாவுக்கும் அப்படித்தாங்க்கா. துண்டு பாருங்க, இடது தோளுல. அவரு எப்பவும் இடது தோளுலதான் போடுவாரு.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இருவருடைய அப்பாக்களுக்கும் இரண்டு காதும் இரண்டு தோளும் இருந்தன என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பேச்சு மரியாதையாகத்தான் நடந்தது. ஆனால் ‘க்கா’வும் ‘தம்பி’யும் போகப்போகக் கூர்மையாகிக்கொண்டிருந்தன. மனைவி விடுவதாக இல்லை. நான் ஒட்டிய கொக்கியில் தன்னுடைய மாலையை முதல் மாலைக்கு மேலே மாட்டினாள். இதற்குள் சுற்றுலாக்காரர்கள் கூடிவிட்டார்கள். இதுவும் ஊர்க் கலை நிகழ்ச்சிகளில் ஒன்று என்று நினைத்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கடலைத் தட்டில் ஒரு ரிங்கிட் நோட்டை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த கோப்பிக் கடைச் சீனர்தான் வழி காட்டினார். வரைந்தவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார், கூப்பிடட்டுமா என்று கேட்டார். எங்கள் மூவருக்கும் அது ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. போன் செய்த கால் மணி நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. நகக்கண்ணெல்லாம் பெயிண்ட். அவரும் ஐம்பதைத் தாண்டிய சீனர், முன்பு கடைப் பலகை எழுதியவராம். மாலைகளையும் ஊதுபத்தியையும் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். “இங்கே யாராவது இறந்துவிட்டார்களா?” என்று மலாயில் கேட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கையைப் பிசைந்தார். முகம் நினைவிலில்லை, அதைச் சும்மா தோன்றியபடி போட்டேன் என்றார். அதைக் கேட்டதும் என் மனைவியின் தோள் இறங்கிவிட்டது. ஆனால் ஆள் நிஜமான ஆள்தான் என்றார் உடனே. இந்த ஊரில் தான் படித்த ஆரம்பப் பள்ளி வாசலில் நின்றவர்.

“எந்தப் பள்ளி?” என்று பஸ் டிரைவர் கேட்டார்.

சொன்னார். டிரைவர், என் மனைவி இருவர் முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தது. இருவருடைய அப்பாவும் அங்கேதான் விற்றிருக்கிறார்கள். தீர்ப்பு இன்னும் தள்ளிப்போகிறதே என்று நான் கோப்பிக் கடை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஓவியர் பழைய நாளுக்குள் போய்விட்டார். பள்ளி வாசலில் இரண்டு கச்சாங் பூத்தேக்காரர்கள் நிற்பார்களாம். மரத்தடியில் ஒருவர், எதிரே லோங்காங் என்கிற சாக்கடை ஓரத்தில் ஒருவர். மரத்தடிக்காரர் பொட்டலத்தை மடித்துக் கொடுத்த பிறகு, போத்தலிலிருந்து இன்னும் ஒரு பிடி எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் வைப்பாராம். எல்லாப் பிள்ளைக்கும், ஒரு நாள் தவறாமல். அவரைத்தான் சுவரில் வரைந்தாராம்.

“கொசுறு” என்று பஸ் டிரைவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மணி அடித்ததும் நாங்கள் எல்லாரும் மரத்தடிக்குத்தான் ஓடுவோம் என்றார் ஓவியர் சிரித்துக்கொண்டே. லோங்காங் ஓரத்துக்காரரிடம் யாருமே போக மாட்டோம். அவர் எண்ணி எண்ணிப் போடுவார், ஒரு கடலைகூடச் சேர்த்து விழாது. மரத்தடியில் கூட்டம் தீர்ந்து, போத்தல் காலியான பிறகுதான் மிச்சப் பிள்ளைகள் அவரிடம் போவார்கள். அதுவரை அவர் அப்படியே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஓவியர் என் மனைவியையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார், யாருடைய அப்பா அந்த நல்லவர் என்று கேட்கிற மாதிரி. பஸ் டிரைவர் வாயைத் திறந்தார். பிறகு என் மனைவியைப் பார்த்துவிட்டு குனிந்து ஊதுபத்தியைச் சரிசெய்தார். நல்ல மனுஷன். அவர் அப்போது பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

என் மனைவி ஒரு வார்த்தை சொன்னால் போதும். மரத்தடி என்று சொன்னால் மறுத்துப் பேச அந்த மனுஷனுக்கு மனசு வராது. அவள் எத்தனை வருஷமாகத் தேடிய படம் அது. சொல்லிவிடு என்று எனக்கே மனசுக்குள் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வந்தது.

அவள் தன்னுடைய மாலையைப் பார்த்தாள். கழற்றவில்லை.

“மரத்தடி உங்கப்பாதான் தம்பி” என்றாள். “லோங்காங் பக்கம் நின்னது எங்கப்பா. நான்தான் தெனமும் அங்க கோப்பி கொண்டு போவேன்.”

“அக்கா...” என்றார் அவர். “எங்கப்பா அப்படி அள்ளி அள்ளிக் குடுத்துட்டுத்தான் வருவாரு. வீட்டுல அம்மா தெனமும் ஏசுவாங்க. நாங்க பாதி நாளு மரவள்ளிக் கிழங்குதான் சாப்பிட்டோம்.”

“இருக்கட்டும். நல்ல மனுஷன். போய் அவரு பக்கத்துல நில்லுங்க, இவரு நல்லா எடுத்துக் குடுப்பாரு” என்று என்னைக் காட்டினாள்.

நான் கேமராவை எடுத்தேன். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு மாலை போட்ட தன் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். தமிழ் புரியாத ஓவியர், என்ன முடிவானது என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி அந்தத் தம்பியைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

“எங்கப்பா கஞ்சன்லாம் இல்ல தம்பி. நாங்க வீட்டுல ஆறு பேரு. ஜனவரி பொறந்தா ஸ்கூலுக்கு ஆறு ஜோடி வெள்ளச் சப்பாத்து வேணும். ஒரு வருஷங்கூட ஒருத்தருகூட பழசு போட்டுக்கிட்டுப் போனதில்ல. எல்லாம் அந்தப் புள்ளைங்களுக்கு அவரு குடுக்காத கொசுறுல வாங்குனது.”