இரண்டரை வெள்ளி எண்ணெய்

இந்த ஊரில் சமையல் எண்ணெயைக் குட்டித் தலையணை போன்ற பிளாஸ்டிக் பாக்கெட்டில் விற்கிறார்கள். கிள்ளானில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள மளிகைக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்துக் கூடையில் அவை குவிந்து கிடக்கும். ஒரு கிலோ இரண்டரை வெள்ளி. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. அதே பாமாயில் பாட்டிலுக்குள் போனால் விலை மூன்று மடங்கு. வந்த புதிதில் இதைப் பார்த்து, பாட்டிலை எந்த மடையன் வாங்குவான் என்று நினைத்துக்கொண்டே இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து வரிசையில் நின்றேன். கூடைக்கு மேலே மலாயில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. ஆங்கில எழுத்துதானே, கடகடவென்று வாசித்துவிட்டேன். ஒரு சொல்லும் புரியவில்லை.

கல்லாவில் இருந்த மலாய்ப் பெண் பாக்கெட்டைத் தொடாமல், "ஐசி அடா, காக்?" என்றாள். காக் என்றால் அக்கா என்பது மட்டும் எனக்குத் தெரியும். நான் விழித்ததைப் பார்த்து விரலால் காற்றில் ஒரு சின்னச் செவ்வகம் வரைந்து காட்டினாள். கார்டு கேட்கிறாள். மலிவு விலை எண்ணெய், வரிசை, கார்டு. இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் விருதுநகர்க்காரியின் கை வேறு எங்கே போகும்? கைப்பையைத் துழாவி, விசா வேலைக்காக எடுத்து வந்திருந்த தமிழ்நாட்டு ரேஷன் கார்டின் லேமினேட் நகலை எடுத்து நீட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குடும்பத் தலைவி என்ற இடத்தில் இருக்கும் என் மாமியாரின் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பிறகு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்து, "சோரி காக், இனி தாக் போலே" என்று, இது செல்லாது என்பதுபோல் தலையை ஆட்டினாள். எனக்குப் பின்னால் நின்ற பெண்மணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தங்கச்சி, இது உங்க ஊரு ரேஷன் கார்டு லா. இங்க ஐசி கேக்குறாங்க, இந்த நாட்டு அடையாளக் கார்டு. பாக்கெட் எண்ணெ சிட்டிசனுக்கு மட்டும்தான். அங்க பாரு, எழுதி ஒட்டி வச்சிருக்கான்" என்றார். அவர்தான் லெட்சுமி அக்கா. எங்களுக்கு எதிர்வீடு என்பதே அன்றுதான் தெரிந்தது. நான் பாக்கெட்டுகளைக் கூடையில் போட்டுவிட்டு, பாட்டிலை வாங்கிக்கொண்டு மாடியேறினேன். எந்த மடையன் வாங்குவான் என்ற என் கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். மலேசியாவில் இருக்கிறாள், அவளுக்கென்ன குறை என்று. என் கணவர் செல்வம் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு எஞ்சினியர். அவருடைய விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் நானும் எங்கள் இரண்டு பெண்களும். என்னைப் போலக் குடும்பத்தினருக்கான பாஸ் வைத்திருப்பவர்கள் இங்கே வேலை பார்க்கக் கூடாது. பி.காம் படித்தவள், எட்டு வருடம் ஒரு பருப்பு மில்லில் அலுவலக வேலை பார்த்தவள், இப்போது சட்டப்படி வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வாடகை, பள்ளிக்கூடம், ஊரில் கட்டிய வீட்டின் தவணை, அத்தைக்கு மாதச் செலவு, இவையெல்லாம் சம்பளத்தைச் சாப்பிட்டு முடித்த பிறகு மிஞ்சுவதுதான் எங்கள் சாப்பாடு. இந்த ஏப்ரலில் கம்பெனி அலவன்ஸை நிறுத்தியது. மிஞ்சுவதும் பாதியாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"மாலா, நீயும் பிள்ளைகளும் ஊருக்குப் போயிருங்க. ஷா ஆலம்ல ஒரு ரூம் பேசி வச்சிருக்கேன். நாலு பேரோட இருந்துக்கிறேன். ரெண்டு வருசம் பல்லக் கடிச்சிட்டா சரியாப் போயிரும்."

எனக்கு அந்த ரூம் தெரியும். பார்த்ததில்லை, ஆனால் தெரியும். என் சித்தப்பா இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் துபாய்க்குப் போனார். இரண்டு வருடம் பதினேழு வருடம் ஆனது. மகள் கல்யாணத்துக்கு வந்து, சொந்த வீட்டில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டு நின்றார். என் பெண்களின் அப்பா அப்படி நிற்கக் கூடாது. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது.

"மூணு மாசம் குடுங்க. நாலு பேர் சாப்பாட்ட அறுநூறு வெள்ளிக்குள்ள முடிச்சுக் காட்டுறேன். முடியலன்னா நானே டிக்கெட் போடச் சொல்றேன்" என்றேன். அவர் ரூம்காரரிடம் மூன்று மாதத் தவணை கேட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

சிக்கனமாகக் குடும்பம் நடத்தினாள் என்று யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். நான் செய்தது சண்டை. முதலில் பொன்னி அரிசி போனது, உள்ளூர் அரிசி வந்தது. அந்த அரிசியில் இட்லி கல்லாக வந்தது, மூன்றாம் வாரம் அதையும் வழிக்குக் கொண்டுவந்தேன். பாசாரில் மீன்காரரின் தட்டு காலியாகும் பத்து மணிவரை காத்திருந்து, வாலும் தலையுமாக மிஞ்சிய கெம்போங் மீனை வாங்கினேன். இங்கே சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கி தெம்பே என்று விற்கிறார்கள், பருப்பைவிட மலிவு. அதைப் புளிக்குழம்பில் போட்டபோது பெரியவள் மதி, "அம்மா, இது ஸ்பாஞ்சா?" என்றாள். ஸ்பாஞ்ச்தான், சாப்பிடு என்றேன். இப்போது அவளே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

எல்லாவற்றையும் வளைத்தேன், எண்ணெயைத்தான் வளைக்க முடியவில்லை. விருதுநகரில் பிறந்தவளிடம் எண்ணெயைக் குறை என்று சொல்வது என்ன நியாயம்? புரோட்டாவையே எண்ணெய்க்குள் முக்கி எடுக்கிற ஊர் அது. என் அப்பா ஒரு எண்ணெய்க் கடையில் டின் அடைக்கும் வேலை பார்த்தார். அவர் சட்டையில் நாள் முழுவதும் கடலை எண்ணெய் வாசம் அடிக்கும், வீட்டு அடுப்பில் ரேஷன் பாமாயில்தான் கொதிக்கும். அம்மா அந்தப் பாக்கெட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டி, கடை முத்திரை போட்ட கடலை எண்ணெய் டின்னில் ஊற்றி வைப்பார். விருந்தாளி வந்தால் டின்னோடு தூக்கிவந்து அவர்கள் கண் முன்னால் ஊற்றுவார். அந்தப் பாமாயில் கப்பலில் வந்தது. பாதி இந்தப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும். இங்கிருந்து அரைமணி நேரத்தில் போர்ட் கிள்ளான் துறைமுகம். இந்த ஊர் எண்ணெயை அந்த ஊரில் மலிவாகத் தின்று வளர்ந்தவள், எண்ணெயின் பிறந்த வீட்டுக்கே வந்து பாட்டில் விலை கொடுக்கிறேன்.

ஜூன் மாதக் கடைசியில், கையில் இருபது வெள்ளியும் முன்னால் ஒரு வாரமும் இருந்தபோது பாட்டில் காலியானது. அன்று சாயங்காலம் லெட்சுமி அக்கா வந்தார், கையில் இரண்டு பாக்கெட் எண்ணெய். மதி அவர்கள் வீட்டில் விளையாடப் போனவள் சொல்லியிருக்கிறாள்.

"வேணாம்க்கா" என்றேன்.

"ஏன் வேணாம்? காசா கேட்டேன்?"

"சிட்டிசனுக்குத்தானே குடுக்குறாங்க. எங்க பாஸ் இவர் வேலையில தொங்கிட்டு இருக்கு. ஏதாவது ஒண்ணுன்னா..."

"ரெண்டு பாக்கெட் எண்ணெய்க்கு போலீஸ் லோரி வருமா? என்னா பேசுற நீ" என்றார். குரல் ஏறிவிட்டது. "எங்கப்பா முப்பது வருசம் தோட்டத்துல, இந்த எண்ணெ எடுக்கிற செம்பனைக் குலை வெட்டுனாரு. கழுத்து சாஞ்சேதான் இருக்கும், சாவுற வரைக்கும் நிமிரல. அந்த எண்ணெ எனக்கு இல்லன்னு யார் சொல்றது? நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன்."

பாஸுக்குப் பயம் என்பதுபோல் சொன்னேனே, அது பாதி உண்மைதான். மீதி, என் வீட்டு எண்ணெய் தீர்ந்த செய்தி எதிர்வீட்டுக்குப் போய்விட்ட அவமானம். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பாக்கெட் வெட்டியது எனக்குள்ளும் இருக்கிறது. கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், வழிவிடவில்லை. அக்கா பாக்கெட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் போய், அவர் கதவைச் சத்தமாகச் சாத்தினார்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் எல்லாம் ஆவியில் வெந்தது. இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை, இலையில் சுற்றிய மீன். தாளிப்புக்கு நல்லெண்ணெய் ஒரு கரண்டி இருந்தது, அதை மருந்து மாதிரி சொட்டினேன். சின்னவள், நம் வீட்டில் ஏன் எல்லாமே வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டாள். எட்டாம் நாள் நானே கொழுக்கட்டையும் இட்லிப் பொடியும் எடுத்துக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினேன். மன்னிப்புக்குப் பதிலாகத் தட்டை நீட்டினேன்.

அக்கா பொடியை உள்ளங்கையில் தட்டி நக்கிப் பார்த்தார். "காரமா இருக்கு. உன்ன மாதிரி" என்றார். பிறகு, அந்த எட்டு நாளும் யோசித்து வைத்தவர் போலச் சொன்னார்: "என் எண்ணெ உன் வீட்டுக்கு வரக் கூடாது. சரி லா. உன் மாவு என் வீட்டுக்கு வரலாம்ல? என் அடுப்பு, என் சட்டி, என் எண்ணெ. அதுல நீ என்னா சுட்டாலும் அது என் வீட்டுப் பலகாரம். என் வீட்டுப் பலகாரத்த நான் யாருக்குக் குடுத்தேன்னு எவன் வந்து கேப்பான்?"

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் மாவு என்னுடையது, எண்ணெய் அவருடையது. வடை, பணியாரம், காராசேவு. இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி. சாம்பார்ப் பொடியும் ரசப்பொடியும் அவருக்கு நான் அரைத்துக் கொடுக்கிறேன். சக புலம்பெயர்ந்தவர்களே, இதற்குப் பெயர் தருமம் என்று உங்களில் யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜூலையில் பத்து நாள் மிச்சம் இருக்கும்போது ஊரிலிருந்து அத்தை பேசினார். "ஏத்தா மாலா, கார்டுல பேர் இருக்கிறவங்க எல்லாரும் நேர்ல வந்து கைரேகை வைக்கணுமாம். இல்லன்னா பேர எடுத்துருவாங்களாம். கடைக்காரர் சொன்னாரு. பிள்ளைக பேரும் போயிருமாம்."

செல்வம் பக்கத்தில்தான் இருந்தார். போன் வைத்ததும் மெதுவாக ஆரம்பித்தார். "பாரு, இதுக்கும் ஒரு தரம் போகத்தான் வேணும். போனது போனதா நீங்க அங்கேயே..." என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் நாங்கள் போக வேண்டாம், ஆனால் எங்களை ஒழுங்காகச் சாப்பிட வைக்க முடியாத வெட்கம் அவரைப் பேச வைக்கிறது. அதைப் பார்த்ததும் என் கோபம் எல்லாம் அவரை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பியது. நான் அத்தையைத் திருப்பிக் கூப்பிட்டேன்.

"எடுத்தா எடுக்கட்டும் அத்தே. நாங்க இங்க ஒண்ணாச் சாப்பிடுறோம். அங்க இலை போட்டு வைக்க வேணாம்."

வாய்தான் அப்படிச் சொன்னது. கல்யாணமாகி வந்த வருடம் அந்தக் கார்டில் என் பெயரைச் சேர்க்க மூன்று முறை தாலுகா ஆபீசுக்கு அலைந்தேன். அந்தப் பெயர் ஏறிய அன்றுதான் அந்த வீட்டில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று நம்பினேன். "உம் பேரு இல்லாம அது என்ன கார்டு" என்றார் அத்தை. அரிசி குறைவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்று மாதமும் சாப்பாட்டுக் கணக்கு அறுநூறைத் தாண்டவில்லை. ஜூலை முடிந்த மறுநாள் செல்வம் ரூம்காரரை அழைத்து, வேண்டாம், வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். நான் சமையலறையில் காது கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் சத்தமாகப் பேசினார்.

ஆடி அமாவாசை அன்று லெட்சுமி அக்கா தன் அப்பாவுக்குப் படைக்க வடை சுட வேண்டும் என்றார். உளுந்தை ஆட்டி எடுத்துக்கொண்டு போனேன். இங்கே நடுப்பகல், விருதுநகரில் காலை ஒன்பதரை. அங்கே அத்தையும் மாமாவுக்குப் படைக்க அடுப்பைப் பற்றவைத்திருந்தார். மதி போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தாள். திரையில் அத்தை ரேஷன் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். எங்கள் நாலு பேரின் பெயரும் போன வாரம் போய்விட்டதாம், அரிசியும் குறைந்துவிட்டதாம். எண்ணெய் கார்டுக்கு ஒன்று என்பதால் அது மட்டும் பழையபடி வருகிறதாம். இந்தப் பக்கம் அக்கா தன் பாக்கெட்டின் மூலையைக் கத்தரியால் வெட்டிச் சட்டியில் கவிழ்த்தார். சுவரில் அவர் அப்பா, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணெ காஞ்சிருச்சாத்தா?" என்று கேட்டார் அத்தை, போனுக்குள்ளிருந்து.

"காஞ்சிருச்சு அத்தே. உங்களுக்கு?"

"காஞ்சிருச்சு. போடு."

அந்தச் சட்டியில் இருந்த எண்ணெயை வாங்க எனக்குப் பெயர் இல்லை. இந்தச் சட்டியில் இருந்த எண்ணெயை வாங்கவும் எனக்குப் பெயர் இல்லை. கையை நனைத்து, மாவை உருட்டி, நடுவில் துளையிட்டு, நான் அன்றைய முதல் வடையைப் போட்டேன்.