மழையில் எடுக்காத கார்

விவேக் நகரில் காரின் அடியில் துருப்பிடிக்காமல் பூச்சு அடிப்பவரை நான் முதலில் பார்த்தது பாதியாகத்தான். ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து தொப்பையும் இரண்டு கால்களும் நீண்டிருந்தன. வெளியே வந்தபோது, பெண்கள் குளிக்கும்போது போடுகிற பூப்போட்ட பிளாஸ்டிக் தொப்பி தலையில் இருந்தது.

என்னைவிட இரண்டு வயது மூத்த ஒரு காரைப் புதுப்பித்து முடித்திருந்தேன். அடித்தகடு துருப்பிடித்துவிடுமோ என்று ஒரு மாதமாகத் தூக்கமில்லை. ரப்பர் கோட்டிங்கா, மெழுகா? இணையத்தில் படித்துப் படித்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கச் சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன்.

அவர் காருக்கடியில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, தகட்டை விரல் முட்டியால் தட்டித் தட்டி ஓசையைக் கேட்டார். எந்த வண்டிக்கும் அப்படித்தானாம்.

"ரப்பர் அடிச்சா உள்ள துரு வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது சார். மெழுகு போதும், வருஷா வருஷம் பார்த்து அடிச்சுக்கலாம். மழையில நிறைய ஓட்டுவீங்களா?"

"ஐயோ, மழையிலா? வெளியவே எடுக்க மாட்டேன்!"

"அப்போ கோட்டிங் எதுக்கு சார்? பெட்ஷீட் போத்தி வெச்சுக்குங்க."

மெழுகையே அடித்தார். "முதல் மழையில ஓட்டிட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார்.

போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் காரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன். அவர் ஈரத் தரையில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"வண்டி ஜம்முனு இருக்கு. நீங்கதான் நடுங்குறீங்க. ஸ்வல்ப, கொஞ்சம் உக்காருங்க, டீ சொல்றேன்."

அன்று அவர் சோதித்தது பூச்சைத்தானா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வானம் கறுத்தாலே கார் சாவியைத் தேடுகிறேன்.