நான் ரிவர்ஸ் கியராக இருந்தேன்

எங்கள் குடும்பத்தில் ஒரு கார் கம்பெனி இருந்தது என்று கல்லூரியில் சொன்னால் சிரிக்கிறார்கள். மொத்தம் நான்கே கார்கள் செய்த கம்பெனி என்று சேர்த்துச் சொன்னால் இன்னும் சிரிக்கிறார்கள். அந்த முதல் காரில் நானும் ஒரு பாகமாக இருந்தேன் என்பதை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கம்பெனி என்றால் சித்தப்பாதான். ஒரு மோட்டார் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தார். கார் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. அப்படிக் காத்திருந்து வாங்கிய காரும் மயிலாப்பூர்ச் சந்துகளுக்குள் நுழையாது. ஸ்கூட்டர் எஞ்சினை வைத்து, மூன்று பேர் மழையில் நனையாமல் போகிற மாதிரி ஒரு சின்ன வண்டி செய்ய முடியாதா என்று சித்தப்பா தன் மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். முடியாது என்று பதில் வந்ததும், வேலையை விட்டுவிட்டு ராயப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தார். கூட ஒரு வெல்டிங் மேஸ்திரி. இரண்டு பேரும் இரண்டு வருஷம் உழைத்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கொட்டகைக்கு ஓடுவேன். வண்டிக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. உடம்பு தகரம் இல்லை. கண்ணாடி நாரைப் பாய் பாயாக விரித்து, மேலே பிசினைத் தடவித் தடவி அச்சில் வார்த்தது. அந்தப் பிசின் வாசனை என் பின்னலில் ஏறிக்கொண்டு, ராத்திரி மோர் சாதம் வரைக்கும் கூடவே வரும். கதவில் இருந்த கைப்பிடி பீரோவுக்கு உரியது. நிறம் நன்றாகப் பழுத்த பப்பாளி.

ஒரே ஒரு குறை. ஸ்கூட்டர் எஞ்சினுக்கு முன்னால் போகத்தான் தெரியும். பின்னால் போக வைக்கத் தனியாகப் பல்சக்கரங்கள் செய்ய வேண்டும், அதற்கு ஆறு மாதமாவது ஆகும் என்றார் சித்தப்பா. அதுவரை அந்த வேலையை நான் பார்த்துக்கொண்டேன். வண்டி எங்காவது முட்டிக்கொண்டு நின்றால் கீழே குதித்து, அதன் மூக்கில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளுவேன். சித்தப்பா உள்ளே இருந்தாலும் நகர்ந்துவிடும், வண்டி அவ்வளவு லேசு. கொட்டகையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் மேஸ்திரி எட்டிப் பார்த்து, "ரிவர்ஸு ஏறிக்கிச்சா? அப்போ எடு நைனா" என்பார். எங்கள் வகுப்பு மானிட்டருக்குக்கூட அவ்வளவு கர்வம் இருந்திருக்காது.

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அசோக் நகரில் அவருடைய பெரிய கிடங்கு ஒன்று காலியாகக் கிடந்தது. ஒருதரம் ஏறிப் பார்க்கிறேன், பிடித்தால் கிடங்கைத் தருகிறேன், கூட்டாளியாகவும் சேர்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அங்கே மாதத்துக்குப் பத்து வண்டி செய்யலாம். எங்கள் கொட்டகையை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஆகவே அண்ணாச்சி சரி என்றால் கம்பெனி உண்டு, இல்லையென்றால் இல்லை.

சித்தப்பா முந்தின நாளே சைக்கிளில் போய் வழி பார்த்துவிட்டு வந்தார். மவுண்ட் ரோடு, தேனாம்பேட்டை, பாண்டி பஜார், அப்புறம் பனகல் பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிட வேண்டும். வட்டமாகவே போனால் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டியே வராது. என்னிடம், "நீ பின்னாடி சமத்தா உக்காந்துண்டு வா. நான் கூப்பிட்டாலொழிய இறங்கப்படாது" என்றார்.

மறுநாள் அண்ணாச்சி கொட்டகைக்கு வந்து ஏறியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். கூரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "தம்பி, இதுல ரிவர்ஸ் உண்டும்லா?" என்று கேட்டார்.

"இருக்கு அண்ணாச்சி" என்றார் சித்தப்பா.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என்னைத்தான் சொல்கிறார்.

வண்டி அன்று சொன்னபடி ஓடியது. மவுண்ட் ரோட்டில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தேனாம்பேட்டை வருவதற்குள் அண்ணாச்சி குழந்தை மாதிரி ஆகிவிட்டார். ஹாரனைத் தானே அடிப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். பாண்டி பஜாரில் அவருக்கு ஆசை தாங்கவில்லை. "கடைப்பக்கம் விடுங்க தம்பி, நம்ம பயலுவளும் பாக்கட்டும்" என்றார்.

"பார்க்கைச் சுத்திட்டுப் போலாமே."

"பார்க்கு எங்கயும் ஓடிராது. விடுங்க."

கடை இருந்தது ஒரு சந்தில். பாதி தூரம் போனதும் எதிரே ஒரு மாட்டு வண்டி, துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. பக்கத்தில் ஒரு சைக்கிள் போகக்கூட இடமில்லை. வண்டிக்காரன் எங்களைப் பார்த்து, "மாடு இன்னா பின்னாலயா பூடும்? நீ எடு சாரே" என்றான்.

அண்ணாச்சிக்கும் அது நியாயமாகப் பட்டது. "ஆமா, ரிவர்ஸப் போடுங்க தம்பி."

சித்தப்பா கியரைப் பிடித்தார். அசைத்தார். எஞ்சினை அணைத்துவிட்டு, "கொஞ்சம் சூடாயிடுத்து. ஒரு நிமிஷம்" என்றார். கடைப் பையன்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர் என்னைக் கூப்பிடுவார், கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். பதற்றத்தில் மறந்துவிட்டார் என்றுதான் தோன்றியது. கதவைத் திறந்துகொண்டு குதித்து, முன்னால் ஓடிப்போய் மூக்கில் கை வைத்தேன்.

"நான் இருக்கேன் சித்தப்பா" என்று தள்ளினேன்.

வண்டி அசையவில்லை. அண்ணாச்சி உள்ளே இருக்கும்போது நான் தள்ளிப் பழகியிருக்கவில்லை. செருப்பு வழுக்கியது. "பாப்பா, நாஷ்டா துன்னியா?" என்று யாரோ கேட்க, சந்தே சிரித்தது. அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். மெதுவாக இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று பயந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளை வைத்தார். இரண்டு பேருமாகத் தள்ளிச் சந்து முனைக்குக் கொண்டுபோனோம்.

அங்கே கையைத் துடைத்துக்கொண்டே, கோபமில்லாத குரலில் பேசினார். "வண்டில ஒரு குத்தமும் இல்ல தம்பி. பின்னால போவாதுன்னா போவாதுன்னு சொல்லிட்டா என்ன? சாயம் போற சீலைய, போவும்னு சொல்லித்தான் நான் விக்கேன்." எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, கடைக்கு நடந்தே போனார். புடவைக்கும் எங்கள் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தபடி நான் கலரைக் குடித்து முடித்தேன்.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. மேஸ்திரி கேட்டபோது மட்டும், "அண்ணாச்சி மேல தப்பில்லே" என்றார். அப்படியானால் தப்பு யார் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரிய மனிதரை உட்கார வைத்துத் தள்ள எனக்குப் பலமில்லை. அதனால்தான் அவர் வெயிலில் இறங்க வேண்டியதாயிற்று.

அண்ணாச்சியின் கிடங்கு கிடைக்கவில்லை, மாதக் கடைசியில் கொட்டகையும் போயிற்று. வண்டி எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்தது. அங்கேயே சித்தப்பா இன்னும் மூன்று செய்தார், மூன்றும் அழகாகப் பின்னால் போயின. ஒன்று இப்போதும் அடையாறில் ஒரு டாக்டரிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நான் மூன்றாந்தரம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவரை வண்டிக்குள் உட்கார வைத்து, கொல்லையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தள்ளிப் பழகினேன்.

ஒரு சாயங்காலம் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, என்ன செய்கிறாய் என்று கேட்டார்.

"அடுத்த தடவை அண்ணாச்சி இறங்கவே வேண்டாம்" என்றேன்.

அவர் அந்தப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தானே ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். நான் தள்ளினேன். எளிதாக நகர்ந்தது. "பாத்தேளா" என்று நிமிர்ந்தேன். அவர் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக் கவிழ்ந்திருந்தார். கீழே எதையோ தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் வேகமாகத் தள்ளினேன்.