லிஃப்டுக்குள் ஒரு திவசம்

மாலை நாலு பத்துக்கு எங்கள் டூட்டிங் அடுக்குமாடியின் லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே நானும் மகளும், மேல்மாடி வியட்நாமியப் பெண்ணும். நரைமுடியை இறுகக் கட்டியிருந்த அவர், துணி மூடிய தட்டொன்றை மார்போடு அணைத்திருந்தார்.

சற்று நேரத்தில் மகளின் கை நடுங்கியது. "அம்மா, சீனி இறங்குது." அவள் நீரிழிவுக்காரி. குளுக்கோஸ் வில்லைகளோ காரில் கிடந்தன.

துணி விலகிய தட்டில், குட்டிக் கிண்ணங்களில் தாமரை விதைப் பாயசம். "கொஞ்சம் தாங்கோ" என்று ஆங்கிலத்தில் கெஞ்சினேன்.

"என்ர மனுசன்ர திவசம். கீழ, மகன் வீட்டில படைக்க வேணும். எங்கட ஹுவே ஊரில செத்தவர் சாப்பிட முதல் ஒருத்தரும் தொடமாட்டினம். அவரைக் கேட்டுப் பாக்கிறன்."

ஒரு கிண்ணத்தைத் தரையில் வைத்துக் கும்பிட்டு, இரண்டு காசுகளை உருட்டினார். ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் சம்மதமாம். இரண்டும் தலை. மகள் வியர்த்துச் சுவரில் சாய்ந்தாள். மறுபடியும் இரண்டும் தலை.

அவர் ஒரு காசை விரலால் பூப்பக்கம் பிரட்டினார். "உயிரோட இருக்கேக்கையும் இதே பிடிவாதம்தான்" என்றபடி கிண்ணத்தை மகளிடம் நீட்டினார்.

மகள் தெளிந்த பிறகே கதவு திறந்தது. திருத்த வந்தவரோடு நின்ற அந்தப் பெண்ணின் மகன், வெறும் கிண்ணத்தையும் காசுகளையும் பார்த்தான்.

"அம்மா, இந்த முறையும் நீங்கள்தான் பிரட்டினீங்களோ?"