வர்றேன் என்று சொல்லக்கூடாத வீடு

எனக்கு வாயே கிடையாது என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். கடையில் மீன் கேட்டதற்குக் கோழி கொடுத்தாலும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். இப்படிப்பட்ட என்னைப் பிடித்துத்தான் காப்புறுதி, அதான் இன்சூரன்ஸ், விற்கச் சொன்னார்கள்.

பிறையில் நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்த தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. இருபது வருடமாக மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறிக் கடலைத் தாண்டிப் போய்வந்தவன் திடீரென்று ஏர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பது வயதுக்காரனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? அந்த நேரம் பார்த்து என் மனைவியின் தம்பி வந்தான். அவன் காப்புறுதி முகவர். தனக்குக் கீழே ஆள் சேர்த்தால் அவர்கள் விற்பதிலும் அவனுக்குப் பங்கு உண்டு. அதை அவன் மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னான்.

"மாமா, உங்களுக்கு இருக்கிற பழக்கம் யாருக்கு இருக்கு? ஏர் ஈத்தாம்ல இருந்து பிறை வரைக்கும் எந்த சாவு வீட்டுல உங்களைத் தெரியாது, சொல்லுங்க."

அது எனக்குச் சுருக்கென்றது. தெரிந்தவர் யார் இறந்தாலும் நான் போவேன். கூடாரம் கட்டுவேன், நாற்காலி இறக்குவேன், பின்கட்டில் கோப்பி கலக்கிக் கெண்டியோடு சுற்றி வந்து ஊற்றுவேன். பெரிய மனசு என்று ஊரில் சொல்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. கல்யாண வீட்டில் சிரிக்க வேண்டும், நலம் விசாரிக்க வேண்டும். சாவு வீட்டில் பேசாமல் இருந்தால் அதுதான் மரியாதை. போகும்போது 'போயிட்டு வர்றேன்' என்றுகூடச் சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு சாவைக் கூப்பிட்டது போல ஆகும். சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடலாம். என்னைப் போன்றவனுக்கு உலகத்தில் வசதியான வீடு அது ஒன்றுதான். அதைத்தான் இவன் சந்தை என்று கணக்குப் போட்டிருந்தான்.

"நான் படிக்கலையே" என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

"ஆமா, லைசென்ஸ் பரீட்சைக்கு ஆறாப்பு பத்தாது. அக்கா பெரிய ஸ்கூல்ல ஃபோம் ஃபைவ் முடிச்சிருக்குலா? அக்கா பேருல லைசென்ஸ் எடுப்போம். ஓடுறது மட்டும் நீங்க."

"என் பேருல நீங்க ஓடுனா என் காலா தேஞ்சிடும்?" என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. வேடிக்கைக்குத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் சொல்லி ஆரம்பிக்கும் வேலை என்பது ஒரு பக்கம். மறுபக்கம், முகம் என்னுடையதாம், பெயர் மட்டும் எனக்குக் கிடையாதாம்.

ஆனாலும் முடியாது என்று சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன். அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். முகவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்களாம்: எதிரில் இருப்பவர் பேசாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்த வாரம் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, "அண்ணே, ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று சொல்லிக்கூடப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அப்போதுதான் என்னோடு வேலை செய்த ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். பிறையில் வீடு. என்னைப் போலவே வேலை போனவர், காப்புறுதி எதுவும் கிடையாது. அவர் மனைவியை நினைத்தபோது, மச்சான் சொல்கிற வேலை அப்படியொன்றும் தப்பில்லையோ என்றுகூடத் தோன்றியது. கிட்டத்தட்ட மனசு மாறியிருந்தது. இதை ஒளிக்க வேண்டியதில்லை.

"நானும் வர்றேன் மாமா. காடியிலேயே போயிருவோம். முகத்தைக் காட்டிட்டு வந்துருவோம்" என்றான் மச்சான். அவனுக்கு அவர் யாரென்றே தெரியாது. துக்கத்துக்கு வருகிறேன் என்பவனை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அவன் காரில் பாலத்தைத் தாண்டிப் போனோம்.

போனதும் நான் வழக்கம்போலப் பின்கட்டுக்குப் போய்க் கெண்டியை வாங்கிக்கொண்டேன். கோப்பி கலந்துகொண்டு முன்னால் வந்தபோது, மச்சான் கூடாரத்தின் கீழே நான்கைந்து ஆண்களுக்கு நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, பாவம்லா அவரு. ஒரே ஒரு பொலிசி இருந்திருந்தா இன்னைக்கு அந்த அக்காவுக்கு எவ்வளவு தெம்பு? நாளைக்கு நமக்கும் இதே கதிதான், யோசிச்சுப் பாருங்க."

உள்ளே அந்த மனிதரின் உடம்பு இன்னும் கிடக்கிறது. இவன் அவரைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கிறான், கடையில் துணியை விரித்துக் காட்டுவது போல. அப்போதே போய் அவன் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். நான் அடுத்த கோப்பைக்கு ஊற்றினேன்.

கிளம்பும்போது அவன் நேராக உள்ளே போய் இறந்தவரின் மனைவி முன்னால் குனிந்தான்.

"அப்ப நான் வர்றேன் அக்கா. காரியமெல்லாம் முடியட்டும், மறுபடி வந்து பாக்குறேன்."

அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட ஒரு கணம் நிறுத்தினார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா, இறந்தவருக்கு அக்கா, தலையை நிமிர்த்தினார்.

"எங்கடா வர்றே? அடுத்தது யாருக்கு நாள் பாத்து வச்சிருக்கே?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். தப்பிப்பதற்கு என்னைத்தான் பிடித்தான். "இல்லம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. மாமாகூடத்தான் வந்தேன். மாமாவும் நானும் ஒரே இன்சூரன்ஸ் வேலைதான் செய்யுறோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கெண்டியோடு வாசலில் நின்றிருந்தேன். அந்த அம்மா தன் பக்கத்தில் இருந்த கோப்பையைப் பார்த்தார். நான் ஊற்றிக் கொடுத்தது.

"ஓ. கோப்பி ஊத்துனது அதுக்குத்தானா" என்றார். கோப்பையைக் கையால் தள்ளி வைத்தார்.

இல்லை என்ற ஒரு சொல் போதும். அதுகூட எனக்கு வரவில்லை. இத்தனை வருடம் எத்தனையோ வீடுகளில் ஊற்றிய கோப்பியெல்லாம் அந்த ஒரு பேச்சில் கறை பட்டுப் போனது.

காரில் அவன் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தான்.

"கிழவிங்க பேச்ச விடுங்க மாமா. ரெண்டு பேரு ஃபோன் நம்பர் குடுத்துட்டாங்க, தெரியுமா? உங்க ராசிதான். என்ன, ஒண்ணும் பேசமாட்டேங்கிறீங்க? அப்ப சரின்னுதானே அர்த்தம்?"

நான் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என் பேச்சின்மை இதுவரை என்னை மட்டும்தான் கெடுத்தது என்று நினைத்திருந்தேன். இப்போது அதை இவன் தனக்குச் சாதகமாக ஆக்கிக்கொண்டுவிட்டான். அந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தான். அக்காவின் அடையாள அட்டையைப் படம் எடுத்துக்கொண்டான். நாளை மறுநாள் பரீட்சைக்குப் பதிய வேண்டும் என்றான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

"வர்றேன் மாமா."

போயிட்டு வா என்பதுதான் பதில். எதிரியாக இருந்தாலும் வாசலில் நிற்பவனுக்கு அதைத்தான் சொல்வோம்.

"போ" என்றேன்.

அவன் சிரித்தான். "என்ன மாமா?"

"போ. அவ அட்டை படத்த அழிச்சிட்டுப் போ."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அவன் முகத்தில் சிரிப்பு பாதியில் அப்படியே நின்றது. அக்கா ஏதாவது சொல்வாள் என்று உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு தொலைபேசியைத் தட்டிப் படத்தை அழித்துவிட்டு, படியிறங்கிப் போனான்.

"என் தம்பிய வாசல்ல வச்சு போன்னு சொல்லிட்டீங்களே" என்று மனைவி கேட்டாள். சாவு வீட்டில் வர்றேன் என்று சொல்கிறவனுக்கு வேறு என்ன சொல்வது என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் அது எனக்குப் பல நாள் கழித்து ஃபெர்ரியில்தான் தோன்றியது. அவள் சில நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது பழக்கமில்லாத வீடாக இருந்தது. அதுவரை பேசாமல் இருப்பது என் வேலையாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மோட்டாரில் தனியாகப் போனேன். கோப்பையைத் தள்ளி வைத்த அந்த அம்மா இருந்தார். கெண்டியோடு அவர் முன்னால் போய் நின்றேன்.

"இன்னைக்கு என்ன விக்கிறே?" என்றார்.

"ஒண்ணும் இல்லக்கா. கோப்பிதான். நான் அவன்கூடச் சேரல."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். ஊற்றினேன். குடித்தார்.

இப்போது செபராங் ஜெயாவில் ஒரு கிடங்கில் காவல் வேலை. சம்பளம் கம்மிதான், ஆனால் சட்டையில் குத்தியிருப்பது என் பெயர். மச்சான் வேறு ஆளைச் சேர்த்துவிட்டதாகக் கேள்வி. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போதெல்லாம் சாவு வீட்டில் கோப்பி ஊற்றுவதற்கு முன்னால் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்லவேண்டியதாகிவிட்டது. முன்பெல்லாம் யாரும் கேட்டதில்லை.