பெரியப்பா சாமியாக இருந்த வருஷம்

எங்கள் பெரியப்பா சாமியாகிப் போனது எனக்கு ஒன்பது வயது நடந்தபோது. அதற்கு முன்னால் சுருளிப்பட்டியிலேயே அதிகம் பேசுகிற மனிதர் அவர்தான். அப்பாவுக்கு மூத்தவர், கலியாணம் கட்டிக்கொள்ளாதவர், அறுபத்தைந்தைத் தாண்டியவர். கம்பத்திலிருந்து திராட்சை பார்க்க வரும் வியாபாரியானாலும் சரி, சுருளி அருவிக்குக் குளிக்க, திதி கொடுக்க என்று வழி கேட்டு நின்றவர்களானாலும் சரி, அவரிடம் மாட்டினால் பொழுது சாய்ந்துதான் விடுதலை.

அந்தப் பேச்சு எப்போது குறைந்தது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. விசேஷ வீடுகளுக்குப் போவதை முதலில் விட்டார். சாப்பிடும்போது எல்லோரும் சிரித்தால் அவர் மட்டும் கொஞ்சம் பிந்திச் சிரிப்பார். அப்புறம் அதுவும் நின்றது. விடிந்ததும் திராட்சைப் பந்தலுக்குள் போய்க் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிடுவார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். எதிரே போய் நின்றாலோ, நம் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். கிழமை மறந்தது. விதைத்ததும் அறுத்ததும் மாறிப் போயின. என்னை, எப்போதோ செத்துப்போன தன் தங்கச்சியின் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

மத்தியானச் சோறு கொண்டுபோவது என் வேலை. வெளியே வெயில் எப்படிக் காய்ந்தாலும் பந்தலுக்குள் பச்சை வெளிச்சம்தான் இருக்கும். அதில் அவர் முகமும் பச்சையாகத் தெரியும். ஒருநாள் தூக்குவாளியை வைத்துவிட்டு ஓடப் பார்த்தவளின் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"மணி அடிக்குது. கேக்குதா?"

"எங்கன பெரியப்பா?"

"இங்கனதான். நிக்கவே மாட்டேங்குது."

காற்றில்லை. ஒரு இலைகூட ஆடவில்லை. அவர் கண் என் வாயின் மேலேயே இருந்தது. கையை உதறிக்கொண்டு ஓடி வந்தவளுக்கு அன்றே காய்ச்சல் கண்டது. அம்மா திருநீறு பூசிவிட்டாள்.

விஷயத்தைக் கேட்ட அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலப்பர் கோயில் மலையடியில் இருக்கிறது. அந்த மணி எங்கள் தோட்டம் வரை வந்து சேராது. "அண்ணனுக்கு மட்டும் கேக்குதுன்னா சும்மாவா? அழைப்புடி அது!" என்றார். மறுநாளிலிருந்து பந்தலுக்குப் போய்க் கைகூப்பி நின்று கேட்டுப் பார்த்தார். ஒரு வாரம் கழித்து, சாப்பிடும்போது, "லேசா எனக்கும் கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றார். அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

அதற்குப் பின்தான் பசுமாட்டு விவகாரம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓடி வந்து, "அண்ணே, பசுவக் காணோம்ணே, காணோம்" என்று தலையில் அடித்துக்கொண்டார். பெரியப்பா அவர் வாயைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "காணமா? ஓடைக்கு அங்கிட்டு இருக்கு. போயிப் பாரு."

கொள்ளுப் பயறை எங்கள் வீட்டில் காணம் என்போம். ஓடைக்கு அந்தப் பக்கம் நாங்கள் காணம் விதைத்திருந்தோம். பசு அங்கேதான் வயிறு முட்ட மேய்ந்துகொண்டு நின்றது. பச்சைக் காணத்தைக் கண்ட பசு வேறெங்கே போகும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படி ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த மனிதர் தோட்டத்து வரப்பிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

வெள்ளிக்கிழமைதோறும் கூட்டம் வர ஆரம்பித்தது. அப்பா காலையில் அவரைக் குளிப்பாட்டி, நெற்றி நிறையத் திருநீறு போட்டு, மாலை போட்டு உட்கார்த்திவிடுவார். பெரியப்பா எதற்கும் தடை சொன்னதில்லை. கேட்டதற்கு ஒரு பதில், கேட்காததற்கு ஒரு பதில். அவர் சொன்னதை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு அர்த்தம் செய்துகொண்டு போனார்கள். சாமி வீட்டுப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் அடிக்கவில்லை. எனக்கு அந்தப் பெருமையும் இருந்தது, அவரைத் தனியாகப் பார்க்கப் பயமும் இருந்தது. அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஆளே இல்லாத மாதிரி இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மா வந்தாள். புருஷன் இல்லாதவள். ஒரே மகன் ஏலத்தோட்ட வேலைக்கென்று ஜீப்பில் மலைக்குப் போயிருந்தான். நாலைந்து மாதமாகக் கடிதாசி இல்லை.

"சாமி, மலைக்குப் போன புள்ள வருமா? ஆளு விட்டுத் தேடவா?"

பெரியப்பா அண்ணாந்து பந்தலின் இடுக்கு வழியாக வானத்தைப் பார்த்தார்.

"மளையா? இந்த வருசம் வராது ஆத்தா. அடுத்த வருசம் தானா வரும். அதுக்காக அலையாத."

எங்கள் பக்கத்து வாயில் மழை என்பது மளைதான். நான் பக்கத்தில் நின்று கேட்டேன், எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாமி வாக்கில் சிரிக்கக்கூடாது என்று நானும் போட்டுக்கொண்டேன். அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. அலையவேண்டாம் என்று சாமியே சொன்ன பிறகு தேடப் போனால் தெய்வக் குற்றம் அல்லவா? கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒரு வருஷம் காத்திருப்பது என்று முடிவு செய்துவிட்டாள்.

ஏழெட்டு மாதம் அப்படியே ஓடியது. இந்தச் சாமியைக் கலைத்தது என் மாமாதான், அம்மாவின் தம்பி. கம்பத்திலிருந்து மலைத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர், வாய்த்துடுக்குக்காரர். ஒருநாள் வண்டிப்பாதை வழியாகப் பந்தலுக்குள்ளேயே ஜீப்பை விட்டுக்கொண்டு வந்தார். பெரியப்பா முதுகைக் காட்டி நின்றிருந்தார். மாமா ஹாரனை அடித்தார். அவர் அசையவில்லை. விடாமல் அடித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். கிளிக்கூட்டம் பந்தலை விட்டுக் கலைந்து பறந்தது. ஜீப்பின் மூக்கு முழங்காலின் பின்பக்கம் இடித்த பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

மாமா இறங்கவில்லை. வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பிறகு வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "மச்சான், பெரியவருக்கு அருளும் இல்ல, ஒண்ணும் இல்ல. காது அவுட்டு" என்றார்.

"வாயக் கழுவுடா மாப்ள. தவத்துல இருக்காக."

"தவத்துல இருந்தா ஹாரன் கேக்காதா? அப்ப என் வண்டில அடிபட்டுச் சாகுறவன் பூராம் முனிவன்தான்."

அப்பா அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகவே சொன்னாள்: "வேலப்பா, அவுக மேல நீ வரணும்னா காதக் குடுத்துட்டு வந்துக்க. மனுசன எங்களுக்குத் திருப்பிக் குடு." பெரியப்பாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு அப்பா மதுரைக்குக் கிளம்பினார்.

அங்கே டாக்டர் சொன்னதை மாமா அப்படியே வந்து சொன்னார். காது போய் வருஷக்கணக்காகிறது. காதில் அடித்த மணி காதின் கோளாறு, கோயிலுடையது இல்லை. ஆளோடு ஆள் பேசுகிற பேச்சு உள்ளே போகாவிட்டால் மூளைக்கு வேலை இல்லாமல் போய்விடும், அதனால்தான் இத்தனை மறதி. போனதெல்லாம் திரும்பும் என்று சத்தியம் பண்ண முடியாது. காதுக்கு மிஷின் போட்டு, விடாமல் பேச்சுக் கொடுங்கள்.

மிஷின் இரண்டு தீப்பெட்டியை ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டு, ஒயரைக் காதில் சொருகவேண்டும். ஊர்க்காரர்கள் குனிந்து அவருடைய சட்டைப்பையைப் பார்த்துத்தான் கத்துவார்கள். முதல் நாள் பந்தலுக்குள் நின்ற பெரியப்பா மிரண்டு போய், "இந்த எலையெல்லாம் இம்புட்டுச் சத்தம் போடுமா?" என்று கேட்டார். தான் அப்பளம் கடிக்கிற சத்தத்துக்கே திடுக்கிட்டார்.

பேச்சுக் கொடுக்கிற வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடப் பாட்டு, பக்கத்து வீட்டுச் சண்டை என்று வாய் ஓயாமல் பேசினேன். எத்தனையோ நாள் கழித்து ஒரு காலையில் என் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். கிழமைகள் திரும்பின. சில ஆட்களின் முகம் கடைசி வரை திரும்பவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டம் தானாகக் கரைந்தது. மிஷின் போட்டதும் சாமி இறங்கிப் போய்விட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

"கேக்கலேன்னு ஏன் பெரியப்பா சொல்லல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ன, என்னன்னு எத்தன தடவ கேக்குறது? கேக்கக் கேக்க எல்லாரும் மூஞ்சியச் சுளிச்சாக. பெறகு தோணுனதச் சொன்னேன். சொன்னா போயிருவாக." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பிடி என்னதான் சொன்னேன்?" என்றார்.

எனக்கு உற்சாகமாகிவிட்டது. பசுமாட்டுக் கதையை நடித்துக் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில் கீரைக்கார அம்மா மலை என்று கேட்டதையும், அவர் மளை என்று சொன்னதையும், அவள் போலவே கைகூப்பிக்கொண்டு நடித்தேன். பாதியிலேயே அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவ தேடல?"

"இல்ல பெரியப்பா. நீங்கதான அலையாதன்னு சொன்னீக."

அன்று அவர் சாப்பிடவில்லை. மாமாவை வரவழைத்து மலைக்கு அனுப்பினார். மாமா தோட்டம் தோட்டமாக விசாரித்துவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு பழைய கம்பளியோடு திரும்பி வந்தார். என்னைத் தூரப் போகச் சொல்லிவிட்டுச் சட்டைப்பை அருகே குனிந்து பேசினார். அந்த மனிதர் மெதுவாகப் பேசி நான் பார்த்தது அன்றுதான். பல வருஷம் கழித்து அம்மாதான் எனக்குச் சொன்னாள். பையன் விஷக்காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். அங்கேயே புதைத்துவிட்டார்கள். தன் தாய் சாமி வாக்குக் கேட்க வந்த அன்று அவன் உயிரோடுதான் இருந்தான். அதற்கப்புறமும் ரெண்டு மாதம் இருந்திருக்கிறான்.

பெரியப்பா அவளைத் தேடிப் போகலாம் என்று வேட்டியை மாற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் அவளே வந்துவிட்டாள். கூடை இல்லை. குளித்து, நெற்றியில் திருநீறு பூசியிருந்தாள்.

"சாமி, சொன்ன வருசம் பொறந்திருச்சு. எம்புள்ள வருமா?"

பெரியப்பா வாயைத் திறந்தார். அவள் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"அந்த மிசினக் கழட்டிட்டுச் சொல்லுங்க. அது இருந்தா மனுசப் பேச்சு. எனக்கு மனுசப் பேச்சு வேணாம்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒயரைக் காதிலிருந்து எடுத்துச் சுருட்டி, மிஷினோடு என் கையில் கொடுத்தார். அது என் உள்ளங்கையில் 'கீய்ங்' என்று கத்தியது. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். பந்தலின் பச்சை அவர் முகத்தில் ஏறியது. பழைய சாமியைப் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது. அவள் இன்னொரு தரம், சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்.

"சுருளிக்குப் போ ஆத்தா," என்றார். "எள்ளுந் தண்ணியும் விட்டுட்டு வா."

 அவள் மண்ணில் விழுந்து அவர் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். அழவில்லை. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, மலை இருக்கிற திசையில் நடந்து போனாள்.

எனக்கு ஒரே ஆத்திரம். பிள்ளை வருமா என்று கேட்டால் எள்ளுக்குத் தண்ணி விடச் சொல்கிறாரே, பழையபடி காது அடைத்துவிட்டதே என்று ஓடிப்போய் ஒயரை அவர் காதில் சொருகினேன். "அவங்க கேட்டது எள்ளு இல்ல பெரியப்பா! அவங்களுக்கு வயலே இல்ல! எள்ளுக்குத் தண்ணியே ஆகாது, அதுகூடவா மறந்து போச்சு?" என்று சட்டைப்பையைப் பார்த்துக் கத்தினேன்.

பெரியப்பாவுக்கு நான் சொன்னதெல்லாம் நன்றாகக் கேட்டது. "ஆமா ஆத்தா, மறந்துதான் போச்சு" என்றார்.