அக்கா வெட்டிய வரிகள்

என் லாப்டொப்பில் இருந்த ஆபீஸ் மென்பொருள் களவுச் சரக்கு. அதற்காக என்னைக் குறை சொல்லக்கூடிய யோக்கியர் எவரும் கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பதாக எனக்குத் தெரியாது. ஒரு நாள் அது திரையின் மேலே சிவப்புப் பட்டி போட்டு, 'இது போலிப் பிரதி, காசு கட்டு' என்று மானத்தை வாங்கத் தொடங்கியது. போடா என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொண்டேன்.

"சும்மா தாறதில என்ன பிள்ளை நல்லது இருக்கப்போகுது?" என்றார் அம்மா. மரக்கறிக் கடையில் கறிவேப்பிலையைச் சும்மா தராவிட்டால் சண்டைக்குப் போகிறவர் இவர்.

அப்போது எனக்கு முப்பத்தேழு வயது. ஏழு மாப்பிள்ளை வீட்டார் வந்து, ரோல்ஸ் சாப்பிட்டு, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று போனவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டாவதுதான் கடைசி, அதுவும் சரிவராவிட்டால் இனிக் கலியாணப் பேச்சே எடுக்கக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். வெளியே வீறாப்பு, உள்ளே பயம்தான்.

எட்டாவது மாப்பிள்ளையின் விபரக்குறிப்பைத் தரகர் ஈமெயிலில் அனுப்பினார். அம்மா அதைப் போனில் பார்த்து, "நல்ல இடம், அமைதியான பொடியன்" என்று குளிர்ந்துபோனார். நான் லாப்டொப்பில் திறந்தேன். ஐயோ கடவுளே! யார் எதை வெட்டினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கோப்புக்குள்ளேயே கிடந்திருக்கிறது. போன் அதை மறைத்துவிட்டது. என் ஓசி மென்பொருள் கலர் கலராகப் போட்டு உடைத்தது. வெட்டியவர் பெயரும் பக்கத்தில் இருந்தது: குடும்ப விபரத்தில் போட்டிருந்த மாப்பிள்ளையின் ஒரே அக்கா.

ஐந்தடி நாலு அங்குலத்தை வெட்டி ஐந்தடி ஏழு. 'கொட்டாஞ்சேனையில் வாடகை வீடு' என்பதை வெட்டி 'கொழும்பில் வசிப்பவர்'. கொட்டாஞ்சேனையும் கொழும்புதான், ஆனால் அம்மா மூக்கைச் சுளிக்கும் பக்கம். வயிறு நோகச் சிரித்தேன். கடைசியில், குறுக்கே கோடு விழுந்த ஒரு வரி: 'எனக்குக் கோபம் வரும். கொஞ்ச நேரத்தில் நானே போய் மன்னிப்பும் கேட்பேன்.' அதற்குப் பதிலாக, 'அமைதியான சுபாவம்.'

என் சிரிப்பு நின்றது. என் குறிப்பிலும் அம்மா அதே 'அமைதியான சுபாவம்' என்றுதான் போட்டிருந்தார். எங்கள் ஃபிளட்ஸ் காவலாளிகூட அதை நம்பமாட்டார்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கொட்டாஞ்சேனையோ! அதுவும் வாடகையோ! விடு பிள்ளை, பொய்க்கார ஆக்கள்."

"பொய் சொன்னது அக்காக்காரி. அந்தாள் எழுதினது முழுக்க உண்மை அம்மா."

குறிப்பில் இருந்த மாப்பிள்ளையின் நம்பருக்கு நானே கோல் எடுத்தேன். பொம்பிளை எடுக்கிற வழக்கமில்லை. அம்மா தலையில் கை வைத்தார். நான் யார் என்று சொல்லிவிட்டு, "உங்கட அக்கா வெட்டினது எல்லாம் எனக்குத் தெரியுது" என்றேன்.

அவர் மெதுவாக, "அப்ப... வேண்டாமோ?" என்று கேட்டார்.

ஏழு வீட்டாரிடமும் வாயைத் திறக்காமல் நான் கேட்ட கேள்வி அது. ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"வேணும்" என்றேன்.